நம் பெயரில் யாருடைய ஆள்?

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளாட்சியும் பள்ளிக் கல்வியும் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. அதனால் தோழர்கள் என்னைப் பேச அழைத்தபோது, பள்ளி மேலாண்மைக் குழு பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் உங்களை அமெரிக்காவுக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. அங்கே பள்ளி வாரியத் தேர்தல் என்று ஒன்று நடக்கிறது. நமது செய்திகளில் அது வருவதே இல்லை. ஆனால் பிரதிநிதித்துவம் பற்றி 1932 முதல் நாம் விவாதித்துவரும் கேள்வி அந்தச் சின்னத் தேர்தலில் அப்படியே இருக்கிறது.

முதலில் அந்த அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. நம் ஊர் வருவாய் மாவட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு சிறு நகரமும் அதைச் சுற்றிய ஊர்களும் சேர்ந்தால்கூட ஒரு பள்ளி மாவட்டம். பெரும்பாலான மாவட்டங்களில் அதை நடத்துவது மக்கள் தேர்ந்தெடுக்கும் வாரியம். ஐந்து, ஏழு அல்லது ஒன்பது உறுப்பினர்கள். கண்காணிப்பாளரை வேலைக்கு வைப்பதும் நீக்குவதும் அவர்கள்தான். ஆசிரியர் நியமனம், பாடத்திட்டம், பள்ளியைத் திறப்பது, மூடுவது, பேருந்து, மதிய உணவு எல்லாம் அவர்கள் மேசைக்கு வருகின்றன. பல மாநிலங்களில் சொத்து வரி எவ்வளவு என்பதிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு.

பணத்தைப் பார்த்தால் இந்த வாரியத்தின் கனம் புரியும். பள்ளிகளுக்கு ஆகும் செலவில் ஒன்றிய அரசின் பங்கு பத்தில் ஒன்று அளவுதான். மீதியை மாநிலமும் உள்ளூரும் ஏறத்தாழ சமமாகத் தாங்குகின்றன. உள்ளூர்ப் பணம் பெரும்பாலும் சொத்து வரி. வீட்டு மதிப்பு உயர்ந்த ஊரில் பள்ளி செழிக்கும், மதிப்பில்லாத ஊரில் வாடும்.

டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் என்று ஒரு பள்ளி மாவட்டம். மாணவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மெக்சிகோ வம்சாவளியினர். பக்கத்தில் ஆலமோ ஹைட்ஸ், வெள்ளையர் வாழும் வசதியான பகுதி. எட்ஜ்வுட் மக்கள்தான் அதிக விகிதத்தில் வரி கட்டினார்கள். ஆனாலும் ஒரு மாணவருக்கு அங்கே செலவானது 356 டாலர், ஆலமோ ஹைட்ஸில் 594 டாலர். டெமெட்ரியோ ரொட்ரிகெஸ் என்ற பெற்றோர் தலைமையில் வழக்குப் போட்டார்கள். 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கல்வி அந்த நாட்டு அரசமைப்பின்படி அடிப்படை உரிமை அல்ல என்றது. எதிர்த்துத் தீர்ப்பெழுதியவர்களில் ஒருவர், அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல்.

நீதிமன்றம் கைவிட்டால் மக்களுக்கு மிச்சமிருப்பது வாக்கு. அந்த வாக்கால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அதே டெக்சாஸில் இன்னொரு ஊர், கிறிஸ்டல் சிட்டி.

கீரை விளையும் ஊர். அந்த ஊரில் பாப்பாய் கார்ட்டூன் பாத்திரத்துக்குச் சிலையே உண்டு. மக்கள்தொகையில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் மெக்சிகோ வம்சாவளியினர். அவர்களில் பெரும்பாலோர் பயிர் அறுவடைக்காக ஊர் ஊராகப் போகும் கூலித் தொழிலாளர்கள். நிலமும் கடையும் பள்ளி வாரியமும் சிறுபான்மை வெள்ளையரிடம். பள்ளியில் விளையாட்டுப் போட்டிகளில் உற்சாகமூட்டும் பெண்கள் குழுவை ஆசிரியர்கள் தேர்ந்தெடுப்பார்கள். எழுதாத விதி ஒன்று: மூன்று பேர் வெள்ளையர், ஒருவர் மெக்சிகோ வம்சாவளி. பள்ளி விழாவின் 'ராணி'யைத் தேர்ந்தெடுக்கப் பழைய மாணவர் சங்கம் வைத்த விதி இன்னும் நுட்பமானது. அந்தப் பெண்ணின் பெற்றோரில் ஒருவராவது அதே பள்ளியில் படிப்பை முடித்தவராக இருக்க வேண்டும்.

அந்த விதியை நம் கண்ணால் பாருங்கள். அதில் இனம் என்ற சொல்லே இல்லை. பெற்றோர் படித்திருக்க வேண்டும் என்று மட்டும்தான் இருக்கிறது. முந்தைய தலைமுறையைப் பள்ளியிலிருந்து துரத்தியவர்கள், அந்தத் தலைமுறை படிக்கவில்லை என்பதையே அடுத்த தலைமுறையின் தகுதிக் குறைவாக எழுதிவைத்தார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இந்த அரங்கில் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

செவெரிடா லாரா உள்ளிட்ட மாணவர்கள் கோரிக்கை மனு எழுதினார்கள். வாரியம் காது கொடுக்கவில்லை. 1969 டிசம்பர் 9 அன்று வகுப்புகளைப் புறக்கணித்து வெளியேறினார்கள். நாளுக்கு நாள் எண்ணிக்கை கூடி ஆயிரத்தைத் தாண்டியது. தொடக்கப் பள்ளிக் குழந்தைகளும் சேர்ந்துகொண்டார்கள். மாநில அரசின் பணம் மாணவர் வருகையைக் கணக்கிட்டுத்தான் வரும். ஆகவே காலியாக இருந்த ஒவ்வொரு இருக்கையும் வாரியத்துக்கு நட்டம். மாணவர்களில் மூவர் தலைநகர் வாஷிங்டனுக்கே போய் செனட்டர்களைச் சந்தித்தார்கள். ஜனவரி தொடக்கத்தில் வாரியம் இறங்கிவந்தது.

அவர்கள் அதோடு வீட்டுக்குப் போகவில்லை என்பதுதான் நமக்கு முக்கியம். போராட்டம் நடந்த நாட்களிலேயே வாக்காளர் பதிவு வேலையும் நடந்தது. 1970 ஜனவரியில் 'லா ராசா உனிடா' என்ற கட்சியைத் தொடங்கினார்கள். ஏப்ரலில் வாரியத் தேர்தல். ஹோசே ஆங்கெல் குத்தியெர்ரெஸ் உட்பட அவர்களுடைய மூன்று பேர் வென்றார்கள். ஏற்கெனவே இருந்த ஓர் உறுப்பினரின் ஆதரவோடு ஏழு பேர் வாரியத்தில் பெரும்பான்மை கிடைத்தது. குத்தியெர்ரெஸ் தலைவரானார்.

அதன் பிறகு இருமொழிக் கல்வி வந்தது. குழந்தைகளுக்கு இலவசக் காலை உணவு வந்தது. மெக்சிகோ வம்சாவளி ஆசிரியர்களும் ஆலோசகர்களும் நியமிக்கப்பட்டார்கள். அந்தச் சமூகத்திலிருந்து ஒருவர் கண்காணிப்பாளர் ஆனார். வெள்ளையர் பலர் பிள்ளைகளை அந்தப் பள்ளிகளிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். சில ஆண்டுகளில் இயக்கத்துக்குள்ளும் பிளவு வந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஐந்து மாதங்களுக்குள், ஒரு விழாவின் அநியாய விதியில் தொடங்கிய கோபத்தை ஆசிரியரை நியமிக்கும் அதிகாரம் வரை கொண்டுபோனார்கள். அந்த அதிகாரம் வாரியத்தில் இருந்தது என்பதால்தான் அது முடிந்தது.

கிறிஸ்டல் சிட்டியில் ஒடுக்கப்பட்டவர்கள் எண்ணிக்கையில் பெரும்பான்மை. அதனால் வென்றார்கள். எண்ணிக்கையில் குறைவாக இருந்தால்?

இதற்கு நியூயார்க் மாநிலத்துக்குப் போக வேண்டும். ராக்லண்ட் கவுன்டியில் ஈஸ்ட் ரமாப்போ என்று ஒரு பள்ளி மாவட்டம். அரசுப் பள்ளிகளில் ஏறக்குறைய 9,000 குழந்தைகள். பத்தில் ஒன்பதுக்கும் மேல் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். அதே பகுதியில் தனியார் பள்ளிகளில் படிக்கும் குழந்தைகள் அதைப்போல மூன்று மடங்கு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் யூதக் குழந்தைகள், யெஷிவா எனப்படும் மதப் பள்ளிகளில் படிப்பவர்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அந்த யூத சமூகம் படாத பாடு பட்ட சமூகம். நாஜிகளின் இனப்படுகொலையில் தப்பிப் பிழைத்தவர்களின் வாரிசுகள் அங்கே பலர். பிள்ளைகளுக்கு மதக் கல்வி கொடுப்பது அவர்கள் உரிமை. தங்கள் பிள்ளைகள் போகாத பள்ளிக்கு வரி கட்டுகிறோமே என்ற அவர்களுடைய மனக்குறையும் புரிந்துகொள்ளக்கூடியதுதான். அவர்களை நம் ஊர் ஆதிக்கச் சாதியோடு சமன்படுத்துவது அபத்தம். நான் பேசுவது தேர்தல் முறையைப் பற்றி.

அங்கே ஒன்பது உறுப்பினர்கள். ஒவ்வோர் இடத்துக்கும் மாவட்டம் முழுவதும் வாக்களிக்கும். இதை ஒட்டுமொத்தத் தொகுதி முறை என்று சொல்லலாம். நூறு வாக்காளர்களில் அறுபது பேர் ஒரு பக்கம், நாற்பது பேர் இன்னொரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வார்டுகளாகப் பிரித்தால் நாற்பது பேருக்கு மூன்று, நான்கு இடங்கள் கிடைக்க வாய்ப்புண்டு. ஒட்டுமொத்தமாக வாக்களித்தால் அந்த அறுபது பேரே ஒன்பது இடங்களையும் எடுத்துக்கொள்வார்கள். நாற்பது பேருக்கு வாக்கு இருக்கும், இடம் இருக்காது.

அங்கே அதுதான் நடந்தது. அரசுப் பள்ளியில் பிள்ளைகள் இல்லாதவர்களின் கையில் அரசுப் பள்ளி வாரியம் போனது. 2009க்குப் பிறகு நூற்றுக்கணக்கான பணியிடங்கள் குறைக்கப்பட்டன. மழலையர் வகுப்பு அரை நாளானது. இசை, விளையாட்டு, கோடைக்கால வகுப்புகள் வெட்டப்பட்டன. மாநில அரசு அனுப்பிய நிதிக் கண்காணிப்பாளர் 2014இல் கடுமையான அறிக்கை கொடுத்தார். பிறகு என்.ஏ.ஏ.சி.பி. எனப்படும் கறுப்பின மக்கள் உரிமை அமைப்பின் உள்ளூர்க் கிளை, 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தது.

வாரியம் இரண்டு வாதங்களை வைத்தது. முதல் வாதம்: மக்கள் இனம் பார்த்து வாக்களிக்கவில்லை, வரியையும் தனியார் பள்ளி நலனையும் பார்த்துத்தான் வாக்களித்தார்கள். நீதிமன்றத்தின் பதில், உள்நோக்கத்தை நிரூபிக்கத் தேவையில்லை, விளைவைப் பார்த்தால் போதும் என்பது. அந்தச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு 1982இல் திருத்தப்பட்டபோது கிடைத்த பலம் இது. 'நாங்கள் சாதி பார்ப்பதில்லை' என்ற வசனத்துக்கு எதிராக நமக்கும் தேவைப்படும் அளவுகோல்.

இரண்டாவது வாதம்தான் என்னை இந்தத் தீர்ப்பை மீண்டும் மீண்டும் படிக்கவைத்தது. கறுப்பின உறுப்பினர்களும் லத்தீன் வம்சாவளி உறுப்பினர்களும் வாரியத்தில் இருந்திருக்கிறார்களே, அப்புறம் எப்படிப் பாகுபாடு என்று கேட்டார்கள். அவர்கள் இருந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் பெரும்பான்மைத் தரப்பின் வேட்பாளர் பட்டியலில் இடம்பெற்று, அந்தத் தரப்பின் வாக்குகளால் வென்றவர்கள். கறுப்பின, லத்தீன் வாக்காளர்கள் விரும்பிய வேட்பாளர்களோ தோற்றுக்கொண்டே இருந்தார்கள். 2020 மே மாதம் நீதிபதி கேத்தி சைபல் தீர்ப்பளித்தார். இந்தத் தேர்தல் முறை வாக்குரிமைச் சட்டத்தை மீறுகிறது, வார்டு முறைக்கு மாற வேண்டும் என்றார். 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

நம்முடைய நிறத்தில் ஒருவர் நாற்காலியில் இருப்பது வேறு. நாம் அனுப்பியவர் நாற்காலியில் இருப்பது வேறு. ஓர் அமெரிக்க நீதிமன்றம் 2020இல் ஏற்றுக்கொண்ட இந்த வேறுபாட்டை, 1932இலேயே ஒருவர் இந்த நாட்டுக்குச் சொல்லிவிட்டார்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தனி வாக்காளர் தொகுதியைக் கொடுத்தது. தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்க ஒரு வாக்கு, பொதுத் தொகுதியில் இன்னொரு வாக்கு. காந்தியின் உண்ணாவிரதத்துக்குப் பிறகு செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. இடங்கள் 71இலிருந்து 148ஆக உயர்ந்தன. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. எண்ணிக்கை இரட்டிப்புக்கும் மேலே போனது, இரட்டை வாக்குரிமை போய்விட்டது. முதற்கட்டத் தேர்தலில் ஒடுக்கப்பட்ட மக்கள் நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் யார் என்பதைக் கூட்டு வாக்காளர் தொகுதியில் எல்லோரும் சேர்ந்து முடிவுசெய்வார்கள். முதற்கட்டத்தில் தலித் மக்களின் ஆதரவை அதிகம் பெற்றவர், இறுதிக் கட்டத்தில் சாதி இந்துக்களின் வாக்குகளால் தோற்கடிக்கப்படலாம். காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன என்ற 1945ஆம் ஆண்டு நூலில் அண்ணல் அம்பேத்கர் இந்த ஏற்பாட்டைத்தான் கிழித்துக் காட்டினார்.

நம் ஊரில் அதன் கொடிய வடிவத்தைப் பார்த்திருக்கிறோம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல். 1996இல் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பிறகு பத்து ஆண்டுகள் இந்த ஊர்களில் முறையான நிர்வாகம் இல்லை. தேர்தலே நடக்காது. நடந்தால் ஆதிக்கச் சாதியினர் நிறுத்திய ஆள் வெல்வார், வென்ற கையோடு பதவி விலகுவார். சட்டப்படி அவர் தலித் தலைவர்தான். தன் மக்கள் அனுப்பியவராக மேலவளவு முருகேசன் நாற்காலியில் உட்கார்ந்தார். 1997இல் அவரை வெட்டிக் கொன்றார்கள்.

இந்தக் கண்ணோடு நம் பள்ளிகளுக்கு வருவோம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவு. ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பெற்றோருக்கு விகிதாசாரப் பிரதிநிதித்துவம். தமிழ்நாட்டில் 2022இல் இந்தக் குழுக்களை மறுகட்டமைப்பு செய்தார்கள். தலைவர் ஒரு பெற்றோர்.

அமெரிக்காவோடு ஒப்பிடுங்கள். 1969இல் கிரேமர் என்ற வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சொத்து உள்ளவர்களுக்கும் பெற்றோருக்கும் மட்டுமே பள்ளித் தேர்தலில் வாக்கு என்ற நியூயார்க் சட்டத்தை ரத்துசெய்தது. எல்லாக் குடிமக்களுக்கும் வாக்கு என்பது சரியான கொள்கை. ஆனால் பள்ளியைவிட்டு விலகியவர்களும் பள்ளியை ஆளலாம் என்பது அதன் இன்னொரு முகம். நம் சட்டத்தில் அந்தச் சிக்கல் இல்லை. பிள்ளைகளைத் தனியார் ஆங்கிலப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டவர் பெற்றோராக இந்தக் குழுவுக்கு வர முடியாது. விகிதாசாரமும் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் நம் குழு அவர்களுடைய வாரியத்தைவிட நியாயமானது.

ஆனால் அந்தக் குழுவால் என்ன செய்ய முடியும்? பள்ளி இயங்குவதைக் கண்காணிக்கலாம். மேம்பாட்டுத் திட்டம் தயாரித்துப் பரிந்துரைக்கலாம். நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்க்கலாம். நிரந்தர ஆசிரியரை நியமிக்க முடியாது. மாற்றவும் முடியாது. வரி போட முடியாது. அங்கே அதிகாரம் இருந்தது, வாக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இங்கே இடங்களை ஓரளவு நியாயமாகப் பங்கிட்டிருக்கிறோம், அதிகாரம் கொடுக்கவில்லை. அரசுப் பள்ளியில் இன்று அதிகம் படிப்பது யார் பிள்ளைகள் என்று யோசித்தால், இது தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பெற்றோர் குழு என்பதாலேயே அது நம் பக்கம் என்றும் எண்ண வேண்டாம். 2018இல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் எதிர்த்தார்கள். அதிகாரிகள் அந்தப் பெண்ணையே இடமாற்றம் செய்தார்கள். போராட்டத்துக்குப் பிறகுதான் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. அங்கே எதிர்த்து நின்றவர்களில் பெற்றோரும் இருந்தார்கள். பெற்றோர் என்ற சொல்லுக்குள்ளும் ஊரும் சேரியும் இருக்கின்றன. அதனால்தான் விகிதாசாரம் என்ற அந்த ஒரு சொல் சட்டத்தில் உயிரானது.

களஆய்வில் நான் பார்த்த ஒரு குழுவைச் சொல்கிறேன். ஊர்ப்பெயர் வேண்டாம். பதிவேட்டில் பார்த்தால் எல்லாம் சரி: பெண்கள் பாதிக்கு மேல், பட்டியல் சாதிப் பெற்றோர் உரிய அளவில். கூட்டம் நடப்பது வேலை நாளில், பிற்பகலில். நூறு நாள் வேலைக்கோ களையெடுப்புக்கோ போன அம்மாக்கள் எப்படி வருவார்கள்? தீர்மானப் பதிவேடு மாலையில் வீட்டுக்கு வரும், கையெழுத்துப் போடுவார்கள். ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: "எம் பேரு இருக்குதுன்னு தெரியும் தம்பி. எதுக்கு இருக்குதுன்னு யாரும் சொல்லல." தேர்ந்தெடுத்தது எப்படி என்று கேட்டேன். "ஒருமனதா" என்று தலைமை ஆசிரியர் சொன்னார். கூலி கொடுப்பவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது கூலி வாங்குபவர் எந்தப் பக்கம் கை தூக்குவார்? ஒருமனதாக என்ற சொல்லை நான் அன்றிலிருந்து சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கலாம். மேலாண்மைக் குழு உறுப்பினர்களை ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பெற்றோரின் பிரதிநிதிகளை அந்தப் பெற்றோரே தேர்ந்தெடுக்க வேண்டும். 1932இல் பறிபோனதை ஒரு பள்ளிக்கூட அளவிலாவது கேட்டுப் பார்ப்போம். கூட்டம் கூலி வேலை முடிந்த நேரத்தில் நடக்க வேண்டும், அல்லது வருபவருக்கு அன்றைய கூலியைக் கொடுக்க வேண்டும். தீர்மானங்களைக் கிராம சபையில் படிக்க வேண்டும். குழு எழுதிய மேம்பாட்டுத் திட்டத்தை அரசு ஏற்கவில்லை என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். சாதிப் பாகுபாடு பற்றிய புகாரை எடுத்து விசாரிக்கக் கோரும் அதிகாரம் குழுவுக்கு வேண்டும்.

அரசு இதைச் செய்யும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. நீங்கள் படித்த அரசுப் பள்ளிக்கு அடுத்த விடுமுறையில் போங்கள். குழு உறுப்பினர் பட்டியலைக் கேளுங்கள். சேரியில் அந்தப் பட்டியலில் உள்ள அம்மாவைத் தேடிப்போய், 21ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து சொல்லுங்கள். தீர்மானத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடவும், ஒப்புதல் இல்லையென்றால் அதை எழுதிவைக்கவும் அவருக்குத் துணையாக நில்லுங்கள். கிறிஸ்டல் சிட்டி மாணவர்கள் வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாகப் போனபோது செய்ததும் ஏறக்குறைய இதே வேலைதான்.

அமெரிக்காவில் அந்த வாக்குரிமைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவையே ஒழித்துக்கட்ட வழக்குகள் தொடுக்கப்பட்டிருக்கின்றன. ஈஸ்ட் ரமாப்போவில் வார்டு முறை வந்த பிறகும், பள்ளியின் நிதிநிலை அறிக்கைக்கு மாவட்டம் முழுவதும்தான் வாக்களிக்கிறது. அங்கேயும் வேலை முடியவில்லை. நமக்கு இனிமேல்தான் தொடங்க வேண்டும். பட்டியலில் நம் பெயர் இருக்கிறது என்று சொல்லி நம்மை அனுப்பிவைக்கப் பார்ப்பார்கள். அந்தப் பெயரை எழுதியது யார் என்று கேளுங்கள்.